காரில் நம்மைக் காப்பது எது?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் நேரமின்மையால் விட்டுப்போன சில செய்திகளும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



நான் 2011-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். சொந்த ஊர் பக்கத்திலே தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் ஊரைச் சுற்றிக் கேழ்வரகும் அவரையும்தான். இன்று காலை ஆறு மணிக்கு ரோட்டில் நின்றால் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள்தான் வரிசையாக வரும். லாரி, மொபட், இப்போது மின்சார ஸ்கூட்டர் என்று வண்டி செய்தே வளர்ந்த வட்டாரம் நம்முடையது. ஆனால் வண்டி மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று நாம் அதிகம் பேசுவதில்லை. பதிமூன்று வருஷமாக என் பிழைப்பே அதுதான். சீட் பெல்ட்டும் ஏர் பேக்கும் சரியாக வேலை செய்கின்றனவா என்று மோதிப் பார்க்கும் வேலை. சங்கச் செயலாளர் "அதைப் பற்றியே பேசு" என்றார். அதோடு என் வீட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில் நம்ம வகுப்பறைக்குப் போவோம். முதலாம் ஆண்டில் மெக்கானிக்ஸ் எடுத்த சார் ஒருநாள் பையிலிருந்து கிரிக்கெட் பந்தை எடுத்து, கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்த என்னை நோக்கி எறிந்தார். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. "கையைப் பின்னாடி இழுத்துப் பிடிடா" என்று மறுபடி எறிந்தார். வலிக்கவில்லை. "அதே பந்து, அதே வேகம். நிற்கிறதுக்கு நீ கொடுத்த தூரம்தான் வேற. இவ்வளவுதாண்டா பாடம்" என்றார். சார் முன் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். கார் பாதுகாப்பு என்று உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் நாங்கள் செய்வதெல்லாம் அந்தப் பந்தைக் கையை இழுத்துப் பிடிக்கிற வேலைதான்.

ஒரு விபத்து, மூன்று மோதல்

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நமக்கு அலட்சியம். சர்வீஸ் ரோட்டிலேயே அந்த வேகத்தில் போகிறோம். ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதுவதும், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து தரையில் விழுவதும் ஒன்றே. வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிவிடும். 100 கி.மீ. என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று மாடி.

கார் மோதும்போது உள்ளே மூன்று மோதல்கள் நடக்கின்றன. முதலில் கார் சுவரில் மோதி நிற்கிறது. உள்ளே இருக்கும் நாம் நிற்கவில்லை. அதே வேகத்தில் முன்னே போய் ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ முன் சீட்டிலோ மோதுகிறோம். இது இரண்டாவது. உடம்பு நின்ற பிறகும் மூளையும் இதயமும் உள்ளுக்குள் முன்னே போய் எலும்பில் இடிக்கின்றன. இது மூன்றாவது. வெளியே ஒரு கீறலும் இல்லாதவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று கேள்விப்படுகிறோமே, அதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவது மோதல்தான் காரணம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கி.மீ. வேகத்தில் போகிறார் என்று வையுங்கள். முக்கால் மீட்டர் தூரத்தில் அவரைப் படிப்படியாக நிறுத்தினால் அவர் மேல் விழும் சராசரி விசை சுமார் 900 கிலோ எடைக்குச் சமம். பெரியதுதான், ஆனால் மார்பு எலும்பிலும் இடுப்பு எலும்பிலும் பரவலாக வாங்கினால் உயிர் பிழைக்கலாம். அவரே டேஷ்போர்டில் மோதி 5 செ.மீ. தூரத்தில் நின்றால் கிட்டத்தட்ட 14 டன். எந்த எலும்பும் தாங்காது. அந்த முக்கால் மீட்டரை எங்கிருந்து சம்பாதிப்பது என்பதுதான் எங்கள் தொழில்.

நசுங்க வேண்டியதும், நசுங்கக் கூடாததும்

"அந்தக் காலத்து வண்டி இரும்புங்க. இப்போ வர்றதெல்லாம் தகரம், தட்டினா நசுங்குது." இதை என் மாமனார் மாதம் ஒருமுறையாவது சொல்வார். நசுங்குவது உண்மை. ஆனால் அது குறையில்லை, வேண்டுமென்றே செய்தது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் இருந்த பேலா பாரெனி என்ற பொறியாளர் 1951-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காரின் நடுப்பகுதி உறுதியான கூண்டாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1959-இல் அப்படிப்பட்ட கார் விற்பனைக்கே வந்தது. இன்று எல்லாக் கார்களும் இந்த வழியில்தான். பானெட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு நீளமான சட்டங்கள் மோதலில் விசிறி மடிப்பு போல மடிந்து சக்தியை வாங்கிக்கொள்ளும். ஆட்கள் இருக்கும் கூண்டு மட்டும் மிக உறுதியான எஃகில் செய்யப்பட்டிருக்கும்.

மாமனார் நம்பவில்லை. அவருக்காக ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். 2009-இல் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் சுமார் 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரில் கூண்டே நொறுங்கி ஸ்டியரிங் உள்ளே வந்துவிட்டது. அதில் இருந்தவர் நிஜ மனிதராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. ஆனால் டிரைவர் பொம்மைக்குக் காலில் லேசான காயம் அளவுக்குத்தான் பாதிப்பு. மாமனார் ஒன்றும் பேசவில்லை, காபி கேட்டார்.

இதனால்தான் முன்னால் கனமான இரும்புக் கம்பி கட்டுகிறார்களே, 'புல் கார்டு', அதை 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்றது. நசுங்க வேண்டிய இடத்தை அது நசுங்க விடுவதில்லை. நடந்து போகிறவருக்கும் அது எமன்.

பெல்ட்தான் தலைவன்

கூண்டு பிழைத்தால் போதுமா? உள்ளே நாம் உருண்டால் என்ன பயன்? காரோடு சேர்ந்து நாமும் மெதுவாக நிற்க வேண்டுமென்றால் காரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில், போர் விமானத்திலிருந்து விமானி வெளியே பாயும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். காப்புரிமை இருந்தும் வால்வோ அதை மற்றக் கம்பெனிகள் தாராளமாகப் பயன்படுத்த விட்டுவிட்டது.

பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். வேகமாகச் சுற்றினால் பூட்டிக்கொள்ளும் பல்சக்கரமும், வண்டி திடீரென்று நின்றால் உருண்டு பூட்டைத் தள்ளிவிடும் சிறு உலோகக் குண்டும் அந்தச் சுருளுக்குள் இருக்கின்றன. நல்ல கார்களில் இன்னும் இரண்டு வேலை நடக்கும். மோதியவுடன் ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து, பெல்ட்டின் தொய்வை சில செ.மீ. உள்ளே இழுத்து நம்மை சீட்டோடு சேர்த்துவிடும். இது பிரீடென்ஷனர். அடுத்த கணம், மார்பில் விசை அளவு மீறினால், சுருளின் நடுவே இருக்கும் ஒரு தண்டு முறுக்கிக்கொண்டு பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும். இது லோடு லிமிட்டர். முதலில் இறுக்கிப் பிடி, பிறகு கையைப் பின்னாடி இழு. எங்கள் சார் சொன்னதேதான்.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை தோள் எலும்பு வழியாக வர வேண்டும், கழுத்தில் உரசக் கூடாது, அக்குளுக்குக் கீழேயும் போகக் கூடாது. கர்ப்பிணிப் பெண்களும் கட்டாயம் போட வேண்டும், கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இருக்கும்படி.

ஏர் பேக் துணைதான்

"ஆறு ஏர் பேக் இருக்கு, அப்புறம் பெல்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டியரிங்கில் 'எஸ்.ஆர்.எஸ்.' என்று எழுதியிருக்கும். அதில் முதல் எழுத்துக்குப் பொருளே 'துணையாக' என்பதுதான். தலைவன் பெல்ட், இது உதவியாள்.

வேலை நடக்கும் விதம் இது. வண்டி எவ்வளவு திடீரென்று வேகம் குறைகிறது என்பதை சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. பள்ளத்தில் இறங்கியதா, நிஜமாகவே மோதியதா என்று ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் கணிப்பொறி முடிவெடுக்கும். வெடிமருந்து எரிந்து வரும் வாயு பையை நிரப்பும். முதல் தொடுதலிலிருந்து பை நிரம்பும் வரை கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. நம் தலை வந்து சாயும்போது பை பின்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். அப்படி விடாவிட்டால் அது தலையணையாக இருக்காது, பாறையாக இருக்கும்.

ஆனால் அந்தப் பை மணிக்கு 200 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வெளியே வருகிறது. பெல்ட் போடாதவர் பிரேக் அடித்தபோதே முன்னே சரிந்து, விரிகிற பையின் மேல் விழுவார். அப்போது அடிப்பது ஏர் பேக்தான். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகாதீர்கள். பின்புறம் பார்த்தபடி வைக்கும் குழந்தை இருக்கையை, ஏர் பேக் உள்ள முன் சீட்டில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

வெடிமருந்திலும் கவனம் வேண்டும். டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர் பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், உலோகக் குடுவையே சிதறி உயிர்களைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான பைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. பழைய கார் வாங்குபவர்கள் சேஸ் நம்பரைக் கொடுத்து, திரும்ப அழைப்பு எதுவும் பாக்கி இருக்கிறதா என்று கம்பெனி ஷோரூமில் கேளுங்கள். காசில்லாமல் மாற்றித் தருவார்கள்.

நம் நாட்டில் நடந்த மாற்றம்

2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சிறு கார்களின் ஏர் பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். 2018-இல் இந்தியாவில் தயாரான கார் ஒன்று முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் பிரேக், அதே ஆண்டு ஜூலை முதல் டிரைவருக்கு ஏர் பேக், 2022 முதல் பக்கத்து சீட்டுக்கும் ஏர் பேக் என்று ஒவ்வொன்றாகக் கட்டாயமாயின. 2023-இல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுத் தர மதிப்பீடே வந்துவிட்டது. காரை 64 கி.மீ. வேகத்தில், முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிடுவார்கள். எதிரே வரும் வண்டியோடு பாதி பாதியாக மோதும் நிலை அது. ஒரகடத்தில் இருக்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்திலும் இந்த மாதிரி மோதல் சோதனைக்கூடம் உண்டு. மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

கார் திருந்திவிட்டது. நாம் திருந்தினோமா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் டிரைவர்கள் 8,384, பயணிகள் 8,331. ஏறக்குறைய சரிபாதி, கவனியுங்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த, பாதுகாப்புக்குப் பேர்போன கார். முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் எங்கள் கம்பெனியில் ஊழியர்களுக்குப் பின் சீட் பெல்ட்டைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்தவன் நான்தான்.

அன்று இரவு மேலுமலையில்

இனி என் கதை. கிருஷ்ணகிரியில் ஒரு சொந்தக்காரர் கல்யாண வரவேற்பு முடிந்து இரவு பத்தரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் மனைவி, பின்னால் அம்மா. மறுநாள் பள்ளி என்பதால் மகளை மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். மேலுமலை ஏற்றத்தில் ஒரு லாரி, பின் விளக்கு எதுவும் எரியாமல் இடது ஓரத்தில் நின்றிருந்தது. பார்த்ததும் பிரேக்கை அழுத்தினேன். ஏபிஎஸ் இருந்ததால் வண்டி வழுக்காமல் ஓரளவு திரும்பியது. ஆனாலும் சுமார் 40 கி.மீ. வேகத்தில் லாரியின் பின்புறத்தில் மோதினோம். நல்லவேளையாக லாரியின் பின்னால் தாழ்வாகத் தடுப்புக் கம்பி இருந்தது. அது இல்லையென்றால் கார் லாரிக்கு அடியில் புகுந்திருக்கும், நான் இங்கே நிற்க மாட்டேன்.

சட்டம் மடிந்தது. பெல்ட் இழுத்தது. இரண்டு பைகளும் விரிந்தன. எனக்கும் மனைவிக்கும் தோளில் பெல்ட் தடம் மட்டும்தான். நான் வருஷக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் பார்த்தது எதுவோ, அது அப்படியே நடந்தது.

பின்னால் அம்மா பெல்ட் போடவில்லை. ஏன் போடவில்லை? போட முடியவில்லை. கார் வாங்கிய வாரமே, சீட் அழுக்காகக் கூடாது என்று நான் ஆசையாக ஒரு ரெக்ஸின் கவர் தைத்துப் போட்டிருந்தேன். பின் சீட்டின் கொக்கிகள் மூன்றும் அந்தக் கவருக்கு அடியில் போய்விட்டன. அம்மா ஒருமுறை, "இந்தப் பட்டையை எங்கேப்பா மாட்டறது?" என்று கேட்டிருக்கிறார். "பின்னாடிதானேம்மா, பரவாயில்ல" என்று சொன்னவன் நான்.

அம்மா 50 கிலோதான் இருப்பார். 40 கி.மீ. வேகத்தில் அவர் என் மனைவியின் சீட்டில் மோதியது, 10 செ.மீ.யில் நின்றார் என்று கணக்குப் போட்டால், மூன்று டன் விசை. சீட்டின் முதுகு கொஞ்சம் வளைந்து கொடுத்ததால் அது குறைந்திருக்கும். மூக்கு உடைந்தது. வலது தோள் எலும்பு நொறுங்கியது. இரண்டு ஆபரேஷன். உயிர் பிழைத்தார், கடவுள் புண்ணியம். ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தினமும் காலையில் பேத்திக்கு இரட்டைச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவது அவர் வேலையாக இருந்தது. இப்போது என் மனைவி பின்னுகிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பனை எடுத்துக் கொடுக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "நீ செய்யற வேலையே இதுதானேப்பா?"

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. தெரியாதவன் தப்பு செய்தால் பாடம் எடுக்கலாம். பாடம் எடுத்தவனே தப்பு செய்தால்? எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கம்பெனியில் நான் பார்த்தது டம்மி பொம்மைகளை. பொம்மைக்கு நாங்களே பெல்ட் மாட்டுவோம், சரியான இடத்தில் உட்கார வைப்போம், அப்புறம்தான் மோதுவோம். ஐந்து நட்சத்திரம் என்பது அந்தப் பொம்மைக்குக் கிடைத்த நட்சத்திரம். அது நமக்கும் கிடைக்க வேண்டுமென்றால் அந்தப் பொம்மை மாதிரி நாமும் உட்கார வேண்டும். கொக்கியில் 'டக்' என்று சத்தம் வருகிற அந்த ஒரு வேலையை மட்டும் எந்தப் பொறியாளரும் தொழிற்சாலையிலிருந்து செய்து அனுப்ப முடியாது.

சில வேண்டுகோள்கள்

நம்ம ஊரில் ஒரு பழக்கம். பெங்களூர் போகும்போது அத்திப்பள்ளி நெருங்கினால் பெல்ட் போடுவோம், போலீஸ் தாண்டியதும் கழற்றுவோம். அபராதம் ஆயிரம் ரூபாய் என்பதால் போடுகிறோம். மூன்று மாடி உயரத்துக்காகப் போடுங்கள். அலாரம் அடிக்காமல் இருக்க வெறும் கொக்கியை மட்டும் மாட்டி வைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கொக்கிகளை விற்கக் கூடாது என்று ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவே போட்டது. வைத்திருந்தால் குப்பையில் போடுங்கள்.

சீட் கவர் போடுவதானால் கொக்கி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர் பேக் இருந்தால் அதை மூடும் கவரே வேண்டாம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு: உங்களில் பலர் இன்னும் காருக்கு வரவில்லை, பைக்கில்தான் வருகிறீர்கள். பைக்கில் கூண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கையை இழுத்துப் பிடிக்க ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அந்த இரண்டு விரல் தடிமன் தெர்மோகோல் ஒன்றுதான் இருக்கிறது. அதே 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு வந்தால் டேங்குக்குத்தான் பாதுகாப்பு.

நாளை உங்களில் சிலர் என் வேலைக்கே வருவீர்கள். வந்தால், பொம்மைக்கு மாட்டிய பெல்ட்டை வீட்டில் இருப்பவர்களுக்கும் மாட்டிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று விருந்து முடிந்து எல்லோரும் வண்டியை எடுப்பீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நிமிஷம் பின் கதவைத் திறந்து, மூன்று கொக்கிகளும் கைக்கு வருகின்றனவா என்று தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் கவரைக் கிழித்தாவது வெளியே எடுங்கள். ரெக்ஸின் இரண்டாயிரம் ரூபாய்தான்.